மெய்ன் கப்பல் முதல் ஈராக் வரை: அமெரிக்காவின் அவசரம் (நடுவில் ஒரு டெலிபோன் வரி)

வணக்கம் மக்களே. கொரியா வீடியோவுக்கு நீங்கள் போட்ட பதில்களைப் படித்ததிலிருந்து எனக்குக் கொஞ்சம் கடுப்பு. பாதிப் பேர் ஒரே பாட்டைத்தான் பாடியிருக்கிறீர்கள்: "எல்லாம் எண்ணெய்க்காகத்தான் ப்ரோ, இதற்கு எதற்கு இவ்வளவு நீள வீடியோ?" சரி, 1898-இல் கியூபாவில் என்ன எண்ணெய் இருந்தது? 1950-இல் கொரியாவில்? எண்ணெய்க்குச் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, குவைத்தை வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். ஆனால் அமெரிக்கா ஏன் போருக்குப் போகிறது என்பதை விட எப்படிப் போகிறது என்பதில்தான் எனக்கு ஆர்வம். அதில் திரும்பத் திரும்ப வரும் சில விஷயங்கள் இருக்கின்றன. அம்புக்குறி போட்ட வரைபடம் இன்றைக்கும் கிடையாது, எனக்கு அது பிடிக்காது என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் கியூபாவின் ஹவானா துறைமுகம், அப்போது அது ஸ்பெயினின் கையில் இருந்தது. 1898 பிப்ரவரி 15 இரவு, மெய்ன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்து 260-க்கும் மேற்பட்ட மாலுமிகள் செத்துப்போனார்கள். ஸ்பெயின்தான் செய்தது என்று பத்திரிகைகள் அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டன. கடற்படை விசாரணையும் மார்ச் மாதமே முடிந்து, வெளியே வைத்த கண்ணிவெடி என்று அறிக்கை வந்தது. ஏப்ரலில் போர். அப்புறம் 1976-இல் அட்மிரல் ரிக்கோவர், அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களின் தந்தை என்று சொல்வார்களே அவர்தான், பொறியாளர்களை வைத்து எல்லாவற்றையும் மறுபடி அலசினார். வெடிமருந்து அறைக்குப் பக்கத்திலேயே நிலக்கரிக் கிடங்கு, அதில் தானாகப் பிடித்த தீயாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார். எழுபத்தெட்டு வருஷம் கழித்து!

அடுத்து டோங்கின் வளைகுடா, 1964. ஆகஸ்ட் 2 அன்று வட வியட்நாம் படகுகள் மேடாக்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலைத் தாக்கியது நிஜம், அதில் சர்ச்சை இல்லை. பிரச்சினை ஆகஸ்ட் 4-இல். கும்மிருட்டு, மோசமான வானிலை, ரேடாரில் ஏதோ புள்ளிகள், சோனாரில் ஏதோ சத்தம். அங்கே பொறுப்பில் இருந்த ஹெரிக் என்ற அதிகாரியே, பல தகவல்கள் சந்தேகமாக இருக்கின்றன, நடவடிக்கை எடுப்பதற்கு முன் முழுதாக ஆராயுங்கள் என்று செய்தி அனுப்பினார். அந்த மனிதர் மேல் எனக்குத் தனி மரியாதை. ஆனால் அதே நாளில் அதிபர் ஜான்சன் குண்டுவீச்சுக்கு உத்தரவு போட்டுவிட்டார். ஆகஸ்ட் 7-இல் படையைப் பயன்படுத்த அவருக்கு அதிகாரம் தரும் தீர்மானம் காங்கிரஸில், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தில், நிறைவேறியது, கீழவையில் 416-க்கு 0, செனட்டில் 88-க்கு 2. இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்று தேசியப் பாதுகாப்பு முகமையின் சொந்த வரலாற்றாளர் எழுதிய ஆய்வு வெளியே வந்தபோது வருஷம் 2005.

இதை எல்லாரும் "பொய் சொல்லிப் போருக்குப் போனார்கள்" என்று ஒரே போடாகப் போடுகிறார்கள். பொய்யும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. எனக்கு அதை விடப் பயமாக இருப்பது அவசரம். சந்தேகப்பட்டவர்கள் அப்போதே இருந்தார்கள், அவர்கள் சொன்னது மேலே போய்ச் சேர்ந்து யோசிப்பதற்குள் விமானம் கிளம்பிவிடுகிறது. 2001 செப்டம்பரில் தாக்குதல் நடந்த மூன்றாம் நாளே காங்கிரஸ் நிறைவேற்றிய போர் அனுமதியின் முக்கியப் பகுதி வெறும் 60 சொல், ஒரே வாக்கியம். நாட்டின் பெயர் இல்லை, முடிவுத் தேதி இல்லை. அதைக் காட்டித்தான் பிறகு ஏமன், சோமாலியா என்று போய்க்கொண்டே இருந்தார்கள். கீழவையில் 420-க்கு 1, எதிர்த்தவர் பார்பரா லீ.

ஐயோ, இந்த ஒற்றை வாக்கு என்றதும்தான் ஞாபகம் வருகிறது, கீழவை உறுப்பினர் ஜெனெட் ரேங்கினை விட்டுவிட்டேன். 1917-இல் முதல் உலகப் போரில் இறங்குவதற்கு எதிராக வாக்களித்தார், அப்போது எதிர்த்தவர்கள் அவரையும் சேர்த்து ஐம்பது பேர். 1941-இல் பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு மறுநாளும் எதிர்த்தார், இந்த முறை 388-க்கு அவர் ஒருவர் மட்டும். கூட்டம் துரத்த, டெலிபோன் கூண்டுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார், போலீஸ் வந்து கூட்டிப்போனது. அந்த வாக்கு தப்பு என்றுதான் நான் நினைக்கிறேன், அங்கே குண்டு விழுந்தது யாரும் சந்தேகப்பட வேண்டிய விஷயம் இல்லை. ஆனாலும் அந்தத் துணிச்சல்! முறைப்படி காங்கிரஸ் போர்ப் பிரகடனம் செய்தது கடைசியாக 1942 ஜூனில், பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா மீது. கொரியா, வியட்நாம், ஈராக், ஆப்கானிஸ்தான் எதற்கும் பிரகடனம் கிடையாது.

இனி போரின் முதல் சண்டை எப்படி இருக்கும் என்பது. கொரியா வீடியோவில் ஸ்மித் படையை, அதாவது அங்கே முதலில் தரையில் மோதிய அமெரிக்கப் படையை, வேகமாகத் தாண்டிப் போனேன், இப்போது நிதானமாகச் சொல்கிறேன். 1950 ஜூலை 5, ஓசானுக்கு வடக்கே ஒரு சாலை, காலையிலேயே மழை, அதனால் விமான உதவி இல்லை. அமெரிக்கர்கள் சுமார் 540 பேர். எதிரே வட கொரியாவின் 33 டி-34 டாங்கிகள் வரிசையாக வருகின்றன. கையில் இருந்தது 2.36 அங்குல பசூக்கா, தோளில் வைத்து டாங்கி மேல் ராக்கெட் விடும் குழாய், இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சரக்கு. ஒரு லெப்டினன்ட் சாலையோரப் பள்ளத்தில் படுத்துக்கொண்டு, டாங்கிகளின் பின்பக்கமாக, கல்லெறி தூரத்தில் இருந்து 22 ராக்கெட் விட்டார். அவை நிற்கவே இல்லை, போய்க்கொண்டே இருந்தன. டாங்கியைத் துளைக்கும் பீரங்கிக் குண்டுகள் மொத்தம் ஆறு இருந்தன. ஆறே ஆறு! ஜெர்மனியையும் ஜப்பானையும் தோற்கடித்து ஐந்து வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. போர் முடிந்ததும் படையைக் கலைப்பது, அடுத்ததற்கு வெறுங்கையோடு ஓடுவது, செத்துச் செத்துக் கற்றுக்கொள்வது, இதுதான் இவர்கள் வழக்கம்.

1991 குவைத் போருக்குப் பிறகு அது மாறிவிட்டது என்பார்கள். 2004 டிசம்பரில் குவைத்தில் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்டிடம், ஈராக்குக்குப் போகவிருந்த ஒரு படைவீரர் எழுந்து, எங்கள் வண்டிகளுக்குக் கவசம் போட நாங்கள் ஏன் குப்பைமேட்டில் பழைய இரும்பு பொறுக்க வேண்டும் என்று கேட்டார். கூடியிருந்த வீரர்கள் ஆரவாரம் செய்தார்கள்.

இப்போது காசு. இதைச் சொல்லத்தான் இந்த வீடியோவே எடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயின் போருக்குப் பணம் திரட்ட 1898-இல் தொலைதூர டெலிபோன் அழைப்புக்கு வரி போட்டார்கள். 15 சென்டுக்கு மேல் போகும் அழைப்புக்கு ஒரு சென்ட். அப்போது டெலிபோன் வைத்திருந்தவர்கள் எல்லாம் பணக்காரர்கள், அதனால் யாரும் கவலைப்படவில்லை. இணையத்தில் பாதிப் பேர் இந்த வரி 108 வருஷம் விடாமல் ஓடியது என்று எழுதுகிறார்கள், தப்பு, தயவுசெய்து அதைப் பரப்பாதீர்கள். 1902-இல் எடுத்துவிட்டார்கள். 1914-இல் திரும்ப வந்தது, மறுபடி போனது, மறுபடி வந்தது. 1966-இல் வியட்நாமுக்காக 10 சதவீதம் ஆனது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி 3 சதவீதத்தில் நின்றது. நீதிமன்றங்களில் வரிசையாகத் தோற்ற பிறகு, 2006-இல்தான் தொலைதூர அழைப்புக்கு வசூலிப்பதை அரசு நிறுத்தியது. பழைய பில்களை வைத்திருக்காதவர்களுக்கும் 30 முதல் 60 டாலர் வரை திருப்பிக் கொடுத்தார்கள். உள்ளூர் இணைப்புக்கு வரி அப்படியே இருக்கிறது என்பது தனிக் கூத்து. மெய்ன் வெடித்த கணக்கில் ஆரம்பித்தது செல்போன் காலம் வரை வந்துவிட்டது, எனக்கு இதில் கிடைத்த சந்தோஷம் கொஞ்சநஞ்சம் இல்லை.

குறைந்தபட்சம் அன்றைக்குப் போருக்கு வரி போட்டார்கள். ஈராக்குக்கு 10,000 முதல் 20,000 கோடி டாலர் வரை ஆகலாம் என்று 2002-இல் புஷ்ஷின் பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சே சொன்னார், அந்த வருஷம் முடிவதற்குள் அவர் பதவியில் இல்லை. 5,000 கோடிக்குள் முடியும் என்றார் ரம்ஸ்ஃபெல்ட். கடைசியில் 80,000 கோடியைத் தாண்டியது. 2003 மார்ச்சில் போர், மே மாதம் வரிக் குறைப்பு!

இதற்கெல்லாம் விதிவிலக்கு 1991, குவைத்தைப் பிடித்த ஈராக்கோடு நடந்த போர். ஐந்து மாதம் படை சேர்த்தார்கள், காங்கிரஸில் நிஜமான விவாதம் நடந்தது, செனட்டில் 52-க்கு 47 என்று மயிரிழையில்தான் தாண்டியது. குவைத்தை விடுவிப்பது என்ற குறிக்கோளோடு நின்றார்கள், தரைப்போர் 100 மணி நேரத்தில் முடிந்தது. நேரம் எடுத்து, வாதாடிப் போன போர்தான் இவ்வளவு சுருக்கமாக முடிந்தது என்பதைக் கவனியுங்கள். அதற்குப் பிறகு 12 வருஷம் ஈராக் வானத்தில் ரோந்து சுற்றினார்கள் என்பது வேறு கதை.

வியட்நாமில் சூடுபட்டு 1973-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்களே, அதிபர் படையைச் சண்டைக்கு அனுப்பினால் 60 நாளுக்குள் காங்கிரஸ் அனுமதி வேண்டும் என்று, அது என்ன ஆச்சு என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நிக்சன் அதை வீட்டோ செய்தார், அதையும் மீறித்தான் நிறைவேற்றினார்கள். 2011-இல் லிபியாவில் 60 நாள் தாண்டியபோது ஒபாமா அரசு சொன்ன பதில்: எங்கள் ஆட்கள் தரையில் இறங்கிச் சண்டை போடவில்லை, ஆகவே இது அந்தச் சட்டம் சொல்லும் மோதலே இல்லை. மேலே இருந்து குண்டு மட்டும் விழுந்துகொண்டிருந்தது. அடுத்த வீடியோ முழுக்க இந்த 60 நாள் கணக்குதான், எண்ணெய் கோஷ்டியும் கட்டாயம் வாருங்கள்.