அம்மி நகரும்வரை

(பணி ஓய்வுப் பாராட்டு விழாவில் ஆற்றிய ஏற்புரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய சிறப்பு விருந்தினர் அவர்களே, சமூக மன்ற மேலாண்மைக் குழுத் தலைவர் அவர்களே, இந்தியர் நற்பணிச் செயற்குழுவின் செயலாளர் அவர்களே, அடித்தளத் தலைவர்களே, தொண்டூழியர்களே, முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு என்னைச் சிரிக்க வைக்கப் பார்க்கும் என் பழைய சகாக்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த மழையிலும் நேரத்துக்கு முன்பே வந்து காத்திருந்த சிறப்பு விருந்தினருக்குத் தனியாக ஒரு நன்றி. மண்டபம் கிடைக்காது என்று எல்லோரும் கைவிரித்தபோது கிடைக்கச் செய்த தலைவருக்கு இன்னொன்று. செயலாளர் தம்பி எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். அதில் கொஞ்சம் இப்போதே போய்விட்டது, பரவாயில்லை.

மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். என் சகாக்கள், வானொலி, அப்புறம் கைப்பேசி வந்தபின் விவசாயச் செய்தி போகிற போக்கு. எதுவரை போக முடிகிறதோ பார்ப்போம்.

சிங்கப்பூரில் விவசாயத் துறையில் வேலை என்றால் ஊரில் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். "அங்கே நிலம் ஏது மாமா?" என்பார்கள். நியாயந்தான். நிலப்பரப்பில் ஒரு விழுக்காடுகூடப் பண்ணைக்கு இல்லை. உண்பதில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. ஆனால் பொங்கோலில் பன்றிப் பண்ணைகள் இருந்த காலத்தையும், 1984இல் பன்றி வளர்ப்பைப் படிப்படியாக நிறுத்த முடிவெடுத்தபோது அதைப் பண்ணைக்காரர் வீட்டு வாசலில் நின்று எடுத்துச் சொன்ன அதிகாரிகளையும் நேரில் அறிந்தவர்கள் இந்த வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அன்று கிடைத்த தேநீரும் வசவும் அவர்களுக்குத்தான் தெரியும். இவர்கள் வேலை பார்த்த அடிப்படை உற்பத்தித் துறை 2000இல் ஆணையமானது, 2019இல் சிங்கப்பூர் உணவு அமைப்பு வந்தது. பெயர்ப்பலகை மாறியதே தவிர, இவர்கள் காலணியில் ஒட்டிய கோழி எரு மாறவில்லை.

அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். இந்தப் பழமொழியை நான் சொல்லாத கூட்டம் இல்லை, என் மனைவி இப்போதே தலையில் கைவைத்துவிட்டார். எங்கள் வேலையே அதுதானே. பூச்சிமருந்து தெளித்தால் சீட்டில் போட்ட நாள் கழியும்வரை கீரையை அறுக்காதே என்று ஒரு முறை சொன்னால் யார் கேட்பார்? துண்டறிக்கையில் சொல்ல வேண்டும், வானொலியில் சொல்ல வேண்டும், பண்ணைக்கே போய்ச் சொல்ல வேண்டும்.

அப்படித்தான் ஒரு நாள் பண்ணைகள் இருக்கும் லிம் சூ காங் பக்கம் போனோம். துண்டறிக்கைக்குப் படம் வேண்டும். படக்காரர் மலாய்க்காரர், பொறுமைசாலி. வண்டி ஓட்டியவர் நம் அண்ணன், செம்பவாங் கம்பத்தில், அதாவது கிராமத்தில் வளர்ந்தவர், சீனர்கள் பேசும் தியோச்சூ மொழியைத் தமிழைவிட வேகமாகப் பேசுவார். தவுக்கே, அதாவது பண்ணை முதலாளி, எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணன் ஏதோ சொன்னார், அவர் வாய்விட்டுச் சிரித்தார். என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. (அண்ணே, மேடைக்கு வந்தாவது சொல்லுங்கள்!) படம் எடுக்கலாம் என்றதும் தவுக்கே மனைவி உள்ளே போய்விட்டார். நாங்கள் கங்கோங் கீரைப் பாத்தி ஓரம் வெயிலில் நிற்கிறோம். வேலிக் கம்பங்களில் ரப்பர் பூட்ஸ் தலைகீழாகக் காய்கிறது. பண்ணை நாய் ஒன்று படக்காரரின் கேமரா மூடியைக் கவ்விக்கொண்டு ஓட, அவர் வலைக்கூடத்துக்குள் அதைத் துரத்துகிறார். அந்த நேரம் பார்த்து அந்த அம்மா வெளியே வருகிறார்: பட்டுச் சட்டை, கழுத்தில் தங்கச் சங்கிலி, முகத்தில் பவுடர், காலில் சேற்றுப் பூட்ஸ்!

அலுவலகப் பாணியில் இது சரிவராது, வேலை உடையில் நிற்கச் சொல்வோம் என்றேன். "விடுங்க சார், அவங்க முகந்தான் வேணும், உடுப்பு எதுக்கு?" என்றார் அண்ணன். நாய் மூடியைத் திருப்பித் தந்தபின், அந்தக் கோலத்திலேயே எடுத்தோம். அறிக்கை வெளியானதும் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லோரும் அதைக் கேட்டு வாங்கிச் சுவரில் ஒட்டினார்கள். அவளே சொல்லிவிட்டாள் என்றால் நாமும் அறுக்கக் கூடாது என்றார்களாம். நான் எழுதிய வாசகத்தை யாரும் மேற்கோள் காட்டியதாகத் தகவல் இல்லை.

அதே அறிக்கையைத் தமிழிலும் போட வேண்டும் என்று நின்றவர், இதோ ஊதாப் புடவையில் இருக்கும் தட்டச்சுக்கார அக்கா. தமிழில் எத்தனை பேர் படிக்கப் போகிறார்கள் என்று மேலே கேட்டார்கள். "ஒருத்தர் படிச்சாலும் அவர் சாப்பிடுற கீரை ஒண்ணுதானே" என்று சொல்லிவிட்டு, மதிய உணவு நேரத்தில் தானே தட்டிக் கொடுத்தார். இன்றைக்குப் பண்ணைகளில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள். அக்கா அன்றே கண்டுவிட்டார்.

அங்கிருந்துதான் என் கோரிக்கைக்கு வருகிறேன். செயலாளர் தம்பி கடிகாரம் பார்ப்பது தெரிகிறது. 2005இல் தேசியப் பூங்காக் கழகம் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டம் இன்று வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) குடியிருப்புப் பேட்டை தோறும் பச்சையாக நிற்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள். கறிவேப்பிலை இல்லாத தோட்டம் நான் பார்த்ததில்லை. அதை வளர்க்கிற நம் பாட்டிமாருக்குப் புரியும்படி ஒரு தமிழ்ப் பலகை இருக்கிறதா? கறிவேப்பிலையை மேயும் பச்சைப் புழு நாளைக்குப் பட்டாம்பூச்சி ஆகும், எனவே மருந்து அடிக்காமல் கையால் எடுத்து வேறு கிளையில் விடு என்று அதில் எழுதினால் பேரப்பிள்ளையும் நின்று படிப்பான். தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கினால் டெங்கிக் கொசு என்பதையும் அதிலேயே போடலாம். வாசகம் நான் எழுதித் தருகிறேன், காசு வேண்டாம். படம் எடுக்கப் படக்காரர் ஒப்புக்கொண்டுவிட்டார். பாட்டிமார் பட்டுச் சேலையில் நின்றாலும் மறுப்பில்லை.

முதலில் கேட்டபோது அடுத்த ஆண்டு பார்ப்போம் என்றார்கள். சரி, அடுத்த ஆண்டும் கேட்பேன். அடி மேல் அடி, அம்மியும் நகரும்!

வானொலியைப் பற்றிப் பேச நேரமில்லை, கைப்பேசியும் போகட்டும். கோரிக்கை மனு வாசலோர மேசையில் இருக்கிறது, பேனாவும் கட்டி வைத்திருக்கிறேன். வடை அடுத்த மேசையில். கையெழுத்துப் போட்டுவிட்டு வடைக்குப் போங்கள். நன்றி, வணக்கம்.