உங்கள் ஸ்டிக்கின் கால் பங்கு எங்கே போனது? | நல்ல கேம் கண்ட்ரோலர் எது?

[திரையில்: மேஜை மேல் ஒரு கண்ட்ரோலர். யாரும் தொடவில்லை. பக்கத்தில் ஓர் எண் ஓடிக்கொண்டிருக்கிறது.]

கையில் இருக்கும் கண்ட்ரோலரைக் கீழே வையுங்கள். கட்டைவிரலால் தள்ளும் சிறு குச்சி இருக்கிறதே, அந்த ஸ்டிக்கைத் தொடவே வேண்டாம். இப்போது அந்த ஸ்டிக் கன்சோலுக்கு என்ன எண்ணை அனுப்பிக்கொண்டிருக்கும்? பூஜ்ஜியம் என்றுதானே நினைப்பீர்கள்? பெரும்பாலும் வராது. நேற்றுப் பெட்டியைப் பிரித்த கண்ட்ரோலர் என்றாலும் வராது. ஸ்டிக்கை ஓர் ஆட்டு ஆட்டிவிட்டு விட்டால் ஓர் எண், இன்னொரு முறை ஆட்டிவிட்டால் வேறோர் எண்.

இது மைக்ரோசாஃப்ட்டுக்கு நன்றாகவே தெரியும். எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலருக்காகக் கேம் எழுதுபவர்களுக்கு அவர்கள் கொடுத்த எக்ஸ்இன்புட் என்ற மென்பொருள் தொகுப்பில், ஸ்டிக்கின் ஓர் அச்சு (இட-வலம் ஓர் அச்சு, மேல்-கீழ் இன்னோர் அச்சு) மைனஸ் 32768 முதல் 32767 வரை போகும். அதே தொகுப்பில் இன்னும் இரண்டு எண்கள் இருக்கின்றன. இடது ஸ்டிக்குக்கு 7849, வலது ஸ்டிக்குக்கு 8689. இதற்குக் கீழே எது வந்தாலும் அதை அசைவாகக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்பதற்கான பரிந்துரை அது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: இடது ஸ்டிக்கில் கிட்டத்தட்ட 24 சதவீதம்! அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்ட கேமில், நீங்கள் தள்ளும் தூரத்தின் முதல் கால் பங்குக்கு எதுவுமே நடக்காது.

அந்தக் கால் பங்கை ஏன் ஒதுக்கினார்கள் என்று புரிந்துவிட்டால், நல்ல கண்ட்ரோலர் எது என்பதும் புரிந்துவிடும். வாங்க, உள்ளே போகலாம்.

[தலைப்பு அட்டை. இசை.]

நல்ல கண்ட்ரோலர் எது என்று கேட்டால் அதிர்வு நன்றாக இருக்க வேண்டும், பேட்டரி நிற்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள். எல்லாமே நியாயம்தான். ஆனால் நான் முதலில் பார்ப்பது ஒன்றே ஒன்று: நடு. விரல் ஓய்ந்திருக்க ஓர் இடம் வேண்டும். அங்கிருந்து கிளம்பிய விரல், குனிந்து பார்க்காமலே அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். ஸ்டிக்கும் அப்படித்தான். இது சரியாக இருந்தால் மற்ற குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம். இது தவறினால் மீதி எது இருந்தும் பயனில்லை.

பழைய கதையை வேகமாக முடித்துவிடுகிறேன். 1977இல் அட்டாரி 2600 கன்சோல்: ஒரு குச்சி, ஒரு பட்டன். அப்புறம் இன்டெலிவிஷன் கன்சோல்: 12 எண் பட்டன்கள், கூடவே ஒரு வட்டத்தகடு. எந்த பட்டன் எங்கே என்று பார்க்கக் குனிய வேண்டும். அவ்வளவுதான், நேராக 1982க்குப் போய்விடுவோம். எனக்கு மிகவும் பிடித்த ஆண்டு அது!

[திரையில்: 1982. மூன்று கருவிகள் வரிசையாக.]

அந்த ஒரே ஆண்டில், நடு என்ற ஒரே கேள்விக்கு மூன்று பதில்கள் வந்தன.

முதல் பதில் அட்டாரி 5200. அட்டாரி 2600இன் குச்சிக்கு எட்டுத் திசைகள் மட்டும்தான் தெரியும். 5200இல் அனலாக் ஸ்டிக் வைத்தார்கள். எவ்வளவு தள்ளுகிறோம் என்பதையும் அது அளக்கும். பெரிய முன்னேற்றம். ஆனால் விரலை எடுத்தால் ஸ்டிக் தானாக நடுவுக்கு வராது! அதைத் திருப்பிக் கொண்டுவர உள்ளே ஸ்பிரிங் இல்லை. விட்ட இடத்திலேயே சாய்ந்து கிடக்கும். நான்கு திசைகளில் மட்டும் ஓட வேண்டிய பேக்-மேன் போன்ற விளையாட்டை அதில் நினைத்துப் பாருங்கள். வலது பக்கம் போய்க்கொண்டிருக்கிறீர்கள், நிற்க வேண்டும் என்றால் நீங்களேதான் குச்சியை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். நடு எங்கே என்று கைக்குத் தெரியாது. கண் திரையில் இருக்கிறது. எதிரி பக்கத்தில் வந்துவிட்டான். 1984இலேயே அந்தக் கன்சோலின் தயாரிப்பு நின்றுபோனது. அதற்குக் காரணங்கள் பல உண்டு, ஆனாலும் அந்த கண்ட்ரோலரைத்தான் இன்றுவரை எல்லோரும் ஞாபகம் வைத்துத் திட்டுகிறார்கள்.

இரண்டாவது பதில் வெக்ட்ரெக்ஸ் என்ற கன்சோல். அதே ஆண்டு, அதுவும் அனலாக் ஸ்டிக்தான். ஆனால் விட்டதும் நடுவுக்கு வந்துவிடும். அதாவது அந்தத் தொழில்நுட்பம் அன்றைக்கே இருந்தது. இன்று நம் கையில் இருக்கும் ஸ்டிக்குக்கு அதுதான் நெருங்கிய மூதாதை. இப்போது பலருக்கு அந்தப் பெயரே தெரியாது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

மூன்றாவது பதில்தான் அழகு. நின்டெண்டோவின் குன்பே யோகோய், கேம் அண்ட் வாட்ச் வரிசையில் வந்த டாங்கி காங் கையடக்கக் கருவிக்காக, ஸ்டிக்கையே எடுத்துவிட்டார். கூட்டல் குறி வடிவத்தில் தட்டையாக ஒரே ஒரு பிளாஸ்டிக் துண்டு. அதுதான் டி-பேட். அதன் நடுவில் கீழே ஒரு முனை இருக்கிறது, அதன் மேல் துண்டு அசைகிறது. வலது பக்கம் அழுத்தினால் இடது பக்கம் மேலே எழும். அதனால் இடதும் வலதும் ஒரே நேரத்தில் அழுந்தவே முடியாது. கேம் குழம்பாது. கட்டைவிரலைத் தூக்காமல் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு உருட்டலாம். நடு எங்கே என்று கண் தேட வேண்டியதில்லை, விரலின் தோலே சொல்லிவிடும். அடுத்த ஆண்டே நின்டெண்டோவின் ஃபேமிகாம் கன்சோலின் கண்ட்ரோலரில் அது இடம்பிடித்தது. இன்று வரை பெரிய மாற்றம் ஏதும் இல்லாமல் அப்படியே இருக்கிறது. இவ்வளவு காலம் நிலைத்த ஒரு வடிவத்தை கேம் உலகில் காட்டுங்கள் பார்க்கலாம்!

[திரையில்: நின்டெண்டோ 64 கண்ட்ரோலர், உட்பகுதி திறந்த நிலையில்.]

இப்போது 1996. கேம்கள் முப்பரிமாணத்துக்கு வந்துவிட்டன, டி-பேட் போதவில்லை. நின்டெண்டோ 64 கண்ட்ரோலரின் நடுவில் ஒரு ஸ்டிக் வந்தது. அதற்குள் துளைகள் வெட்டிய இரண்டு சக்கரங்கள். ஸ்டிக் அசைந்தால் அவை சுழலும், ஒளி விட்டு விட்டு வரும், அதை எண்ணுவார்கள். ஆனால் இப்படி எண்ணும்போது, எங்கிருந்து எண்ணத் தொடங்கினோம் என்பது தெரிய வேண்டும் அல்லவா? கன்சோலை ஆன் செய்யும்போது ஸ்டிக் எங்கே இருக்கிறதோ, அதையே நடு என்று எடுத்துக்கொள்ளும். ஸ்டிக்கைச் சாய்த்துப் பிடித்தபடி ஆன் செய்தால், விரலை எடுத்ததும் கதாபாத்திரம் தானாக எதிர்த் திசையில் நடக்கத் தொடங்கிவிடும். எல், ஆர் பட்டன்கள் இரண்டையும் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் மறுபடி சரியாகும். நடு எங்கே என்று அதற்கு நாம் சொல்லித்தர வேண்டியிருந்தது.

அது மட்டும் இல்லை. ஸ்டிக்கின் அடிமுனை ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் உரசிக்கொண்டே இருக்கும். நாள்பட வெள்ளைத் தூளாக உதிரும், ஸ்டிக் தளர்ந்து தொளதொளவென்று ஆகிவிடும். இதற்கு நடுவே மரியோ பார்ட்டி என்ற கேம் வந்தது. அதன் சில போட்டிகளில் ஸ்டிக்கை எவ்வளவு வேகமாகச் சுழற்றுகிறோமோ அவ்வளவு புள்ளி. கட்டைவிரல் போதாமல் உள்ளங்கையை வைத்துச் சுழற்றினார்கள் பிள்ளைகள். உள்ளங்கை புண்ணானது! விஷயம் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் வரை போய், 2000இல் நின்டெண்டோ கையுறை கொடுக்க ஒப்புக்கொண்டது. ஆமாம், நீங்கள் கேட்டது சரிதான், கேம் விளையாட இலவசக் கையுறை. இதில் பிழை கண்ட்ரோலருடையதா, கேமுடையதா? உங்கள் தீர்ப்பைக் கமெண்டில் போடுங்கள். என் தீர்ப்பு: இரண்டும். ஒரு ஸ்டிக்கை எப்படிப் பயன்படுத்துவார்கள் என்பதைக் கேம் முடிவு செய்கிறது, அதனால் இரண்டையும் சேர்த்தேதான் வடிவமைக்க வேண்டும்.

[திரையில்: ஸ்டிக்கின் குறுக்குவெட்டுப் படம்.]

சரி, இன்றைய ஸ்டிக்குக்கு வருவோம். பெரும்பாலானவற்றில் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர். பழைய ரேடியோவில் வால்யூம் கூட்டும் திருகுக்குள் இருக்கும் அதே பொருள்தான். ஒரு கரிப் பூச்சுப் பாதை, அதன் மேல் உரசி நகரும் ஓர் உலோக நாக்கு. நாக்கு எங்கே நிற்கிறதோ அதற்கேற்ப மின்னழுத்தம் மாறும். மேல்-கீழுக்கு ஒன்று, இட-வலத்துக்கு ஒன்று. நடுவுக்குத் திருப்பிக் கொண்டுவர ஒரு ஸ்பிரிங்.

இதில் இரண்டு சிக்கல்கள். ஸ்பிரிங் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் மயிரிழை பிசகாமல் ஒரே புள்ளிக்குத் திரும்பாது. இன்னொன்று, உரசினால் தேயும். ஒவ்வோர் அசைவும் நடுவில் தொடங்கி நடுவில் முடிகிறது, அதனால் அந்த இடத்தில் தேய்மானம் வந்தால் உடனே தெரிந்துவிடும். நீங்கள் தொடாமலே கேமரா மெதுவாகத் திரும்பும். ட்ரிஃப்ட் என்கிறோமே, அதுதான். 2017இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலின் ஜாய்-கான் கண்ட்ரோலர்களில் இது பெரிய பிரச்சினையாகி, 2019இல் அமெரிக்காவில் வழக்கு, 2020இல் நிறுவனத் தலைவரே வருத்தம் தெரிவிக்கும் அளவுக்குப் போனது.

மாற்று இருக்கிறதா? இருக்கிறது, அதுவும் பழசு. காந்தப் புலம் மின்னோட்டத்தைப் பாதிப்பதை எட்வின் ஹால் 1879இல் கண்டுபிடித்தார். அந்த ஹால் விளைவை வைத்து, ஸ்டிக்கின் அடியில் ஒரு காந்தத்தையும் சற்றுத் தள்ளி ஒரு சென்சாரையும் வைத்தால் உரசலே கிடையாது. சேகாவின் ட்ரீம்காஸ்ட் 1998இலேயே இதைச் செய்துவிட்டது! இன்று ஹால் எஃபெக்ட் என்று பெட்டி மேல் பெரிதாக அச்சடித்து விற்கிறார்கள். வாங்கலாம், நல்லதுதான். ஆனால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: சென்சார் தேயாது, ஸ்பிரிங் தளரும். நடுவுக்குத் திருப்பிக் கொண்டுவருவது காந்தம் இல்லை, ஸ்பிரிங். "டெட் சோனே தேவையில்லை" என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

[திரையில்: ஒரு சதுரம், அதற்குள் ஒரு கூட்டல் குறி. பிறகு ஒரு வட்டம்.]

டெட் சோன். தொடக்கத்தில் பார்த்த அந்த ஒதுக்கிய பகுதிக்குப் பெயர் இதுதான். அதன் அளவைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள், வடிவத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இரண்டு அச்சுகளையும் தனித்தனியாக வெட்டினால், செத்த பகுதி கூட்டல் குறி வடிவத்தில் ஸ்டிக்கின் விளிம்பு வரை நீளும். அப்போது மெதுவாகச் சாய்வாகக் குறிவைக்கப் பார்த்தால் குறி கிடைக்கோட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். கை நடுங்குகிறதோ என்று நீங்கள் உங்களையே சந்தேகப்படுவீர்கள். தவறு உங்களுடையது இல்லை! நடுவிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து, வட்டமாக வெட்ட வேண்டும். அப்புறம், அந்த வட்டத்தின் விளிம்பிலிருந்து வேகம் பூஜ்ஜியத்தில் தொடங்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால், வட்டத்தைத் தாண்டியதும் கதாபாத்திரம் திடுக்கென்று 24 சதவீத வேகத்தில் பாயும். கண்ட்ரோலரின் பாதி, கேம் எழுதுபவரின் கையில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் கேமின் அமைப்பில் டெட் சோன் இருந்தால், ஸ்டிக்கைத் தொடாமல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். கேமரா தானாக நகரத் தொடங்கியதும் நிறுத்தி, ஒரு படி மேலே ஏற்றுங்கள். அதுதான் உங்கள் ஸ்டிக்கின் அளவு. குறிவைப்பதில் உடனே வித்தியாசம் தெரியும். பயன்பட்டால் ஒரு லைக் போடுங்கள், நண்பர்களுக்கும் அனுப்புங்கள்.

[திரையில்: கேம்கியூப் கண்ட்ரோலரின் பட்டன்கள், நெருக்கமாக.]

பட்டன்களுக்கும் நடு உண்டு. 2001இல் வந்த நின்டெண்டோவின் கேம்கியூப் கண்ட்ரோலரைப் பாருங்கள். நடுவில் பெரிய பச்சை ஏ பட்டன். இடப்பக்கம் சின்னதாக பி. எக்ஸ், ஒய் இரண்டும் வளைந்து ஏ-வைத் தழுவிக்கொண்டிருக்கும். அளவையும் வடிவத்தையும் திசையையும் வைத்து, எது எந்த பட்டன் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். கட்டைவிரல் ஏ மேல் இருக்கும், மற்ற எதற்கும் அங்கிருந்து சற்றே சாய்ந்தால் போதும். ஒரே அளவில் நான்கு வட்டங்களை வைக்கும் இன்றைய வழக்கத்தைவிட இது எவ்வளவோ மேல். சூப்பர் நின்டெண்டோவின் அமெரிக்க வடிவத்திலும் அழகான ஒரு விஷயம் இருந்தது: இரண்டு பட்டன்கள் குழிந்து, இரண்டு பட்டன்கள் புடைத்து. ஏன் விட்டுவிட்டார்கள்? எல்லா கேமும் எல்லா கன்சோலிலும் வர வேண்டும் என்றால், ஒரு பட்டன் மட்டும் பெரிதாக இருப்பது இடைஞ்சல்தான். அது புரிகிறது. ஆனாலும் மனம் ஆறவில்லை.

ஸ்டிக்குகளை எங்கே வைப்பது? பிளேஸ்டேஷன் காரர்கள் கோபிக்க வேண்டாம். 1994இல் வந்த முதல் கண்ட்ரோலரில் ஸ்டிக்கே இல்லை, கட்டைவிரலின் நல்ல இடம் டி-பேடுக்குப் போய்விட்டது. 1997இல் ஸ்டிக்குகள் வந்தபோது மிச்சமிருந்த கீழ்ப்பகுதியில் வைத்தார்கள். முப்பரிமாணக் கேமில் இடது கட்டைவிரல் ஸ்டிக்கில்தான் அதிக நேரம் இருக்கும், எனவே எக்ஸ்பாக்ஸ் போல அதை மேலே வைப்பதே சரி என்பது என் கட்சி. சண்டைக் கேம் ஆடுபவர்கள் டி-பேடுக்காக எதிர்க் கட்சியில் நிற்பார்கள், அவர்களுக்கும் அதே நியாயம் உண்டு.

கைப்பிடி, எடை, ஆள்காட்டி விரலால் இழுக்கும் ட்ரிகர் எல்லாம் தனி வீடியோவுக்கு உரியவை. முதல் எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலர் பலருடைய கைக்குப் பெரிதாகப் போய், பின்னர் ஜப்பானுக்காகச் செய்த சிறிய வடிவமே எல்லோருக்குமானது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

[திரையில்: தட்டையான ஒரு கண்ட்ரோலர், அதைச் சுற்றிப் பல ஒயர்கள்.]

கடைசியாக ஒன்று. இவ்வளவு நேரம் நான் சொன்ன நடு எல்லாம், இரண்டு கைகளும் பத்து விரல்களும் ஒரே மாதிரி இயங்கும் ஒருவருக்கானது. அப்படி இல்லாதவர்களுக்கு? 2018இல் வந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கண்ட்ரோலரில் இரண்டு பெரிய பட்டன்கள், பின்பக்கம் 19 சாக்கெட்டுகள். வெளியிலிருந்து சுவிட்சுகளை இணைத்து, ஒரு பட்டனைக் காலுக்கு, இன்னொன்றை முழங்கைக்கு, வேறொன்றைத் தலைக்குப் பக்கத்தில் என்று வைத்துக்கொள்ளலாம். 2023இல் சோனியின் ஆக்சஸ் கண்ட்ரோலர் வந்தது. வட்டமாக, மேஜையில் தட்டையாக வைத்து எந்தப் பக்கமும் திருப்பிக்கொள்ளலாம். ஸ்டிக் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்பதையும் விளையாடுபவரே நீட்டிக் குறைத்து வைத்துக்கொள்வார். கன்சோல் நிறுவனங்கள் இதற்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கவே கூடாது.

இந்த இரண்டில் எதையாவது பயன்படுத்துபவர்கள் பார்த்துக்கொண்டிருந்தால், எப்படி அமைத்திருக்கிறீர்கள் என்று கமெண்டில் எழுதுங்கள். ட்ரிகர் வீடியோவோடு அதையும் சேர்த்துப் பேசலாம்.