ஐ.வி. போறீங்களா? கட்டடத்தை விடுங்க, ஒரு டிக்கெட்டைப் பாருங்க

(காட்சி: காலை 10 மணி. தரமணி, டைடல் பார்க் வாசல். காலேஜ் பஸ் வந்து நிற்கிறது.)

கான்ஃபரன்ஸ் ஹால்ல ஒரு பவர்பாயின்ட், ஆளுக்கு ஒரு சமோசா, வாசல்ல க்ரூப் போட்டோ, திரும்பவும் பஸ். நிறைய இண்டஸ்ட்ரியல் விசிட் (ஐ.வி.) இப்படித்தான் முடியுது. கோடிங்கை வீட்டு லேப்டாப்லயே பழகிப் பார்க்கலாம். கிளையன்ட் சர்வீஸை, அதாவது வாடிக்கையாளர்களைக் கவனிச்சுக்கிற வேலையை, அப்படிப் பழக முடியாது. அந்த வேலை நமக்கு ஒத்துவருமான்னு தெரியணும்னா, அதைச் செய்யறவங்க பக்கத்துல கொஞ்ச நேரம் உட்காரணும்.

முதல் தப்பு நேரத்துலயே நடக்குது. காலை 10 மணிக்குப் போனா, அமெரிக்க ப்ராசஸ் (அமெரிக்க கிளையன்டுக்காக நடக்கிற வேலை) இருக்கிற ப்ளோர், அதாவது ஆட்கள் உட்கார்ந்து வேலை செய்யற தளம், பெரும்பாலும் காலியா கிடக்கும். நியூயார்க்ல காலை 9 மணின்னா, கோடைக்காலத்துல நமக்கு மாலை 6.30, குளிர்காலத்துல 7.30. லண்டன் கிளையன்ட்னா மதியம் 1.30, இல்லன்னா 2.30. அதனால இந்திய ப்ராசஸ்னா காலையில போங்க, யு.கே. ப்ராசஸ்னா மதியம் 3 மணிக்கு மேல கேளுங்க.

மூணு, நாலு வாரம் முன்னாடியே காலேஜ் லெட்டர்ஹெட்ல எச்.ஆருக்குக் கடிதம் போகணும். "விசிட் வர விரும்புகிறோம்"னு மட்டும் எழுதினா கான்ஃபரன்ஸ் ஹால்தான் கிடைக்கும். "பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் ப்ளோரில் 20 நிமிடம் உட்கார அனுமதி வேண்டும். நேரடி கால் கேட்க முடியாவிட்டால், வாடிக்கையாளர் விவரம் மறைத்த பழைய ரெக்கார்டிங் போதும்"னு எழுதுங்க. குறிப்பா என்ன வேணும்னு கேட்டாத்தான் அவங்களாலயும் ஏற்பாடு பண்ண முடியும்.

போறதுக்கு முன்னாடி ஒரு வீட்டுப்பாடம். 2010-ல சென்னையில ஃப்ரெஷ்டெஸ்க்னு தொடங்கி, 2021-ல நாஸ்டாக்ல பட்டியலான ஃப்ரெஷ்வொர்க்ஸ் முதல்ல வித்ததே டிக்கெட் (வாடிக்கையாளர் அனுப்பற ஒவ்வொரு கேள்வி, புகாரோட பதிவு) கையாளற சாஃப்ட்வேர்தான். ஜோஹோ டெஸ்க்கும் அதே வகை. ஏதாவது ஒண்ணுல ட்ரையல் கணக்கு திறந்து, நண்பர்களுக்குள்ளயே புகார் அனுப்பி, பதில் எழுதிப் பாருங்க. அதுக்கப்புறம் ப்ளோர்ல இருக்கிற திரை உங்களுக்குப் புரியும்.

(காட்சி: சுவரில் பெரிய திரை. பச்சை, சிவப்பு எண்கள்.)

உள்ள போனதும் கண்ணுல படறது வால்போர்டு. கால் சென்டர்ல "80/20"ங்கிற பேச்சு அடிக்கடி காதுல விழும். வர்ற கால்கள்ல 80 சதவீதத்தை 20 விநாடிக்குள்ள எடுக்கணும்ங்கிறது அதோட அர்த்தம். அடுத்தது ஏ.எச்.டி., ஒரு காலுக்கு ஆகற சராசரி நேரம். பேசின நேரம், ஹோல்டுல வெச்ச நேரம், கால் முடிஞ்சதும் குறிப்பு எழுதற நேரம், மூணும் சேர்ந்தது. 5, 1, 2 நிமிஷம்னு வெச்சுக்கிட்டா ஒரு காலுக்கு 8 நிமிஷம். எட்டு மணி நேர லாகின்ல, நடுவுல வர்ற இடைவெளியைக் கழிச்சா, சுமார் 50 கால். அம்பதாவது ஆள்கிட்டயும் முதல் ஆள்கிட்ட பேசின அதே குரல்ல பேசணும். இந்த வேலை மேல எங்களுக்குப் பெரிய மரியாதை இருக்கிறது இதுக்காகத்தான்.

இப்போ ஒரே ஒரு டிக்கெட். உதாரணத்துக்கு, "இன்வாய்ஸ் டவுன்லோட் ஆகல, எரர் படம் இணைச்சிருக்கேன்"னு ஒரு கிளையன்ட் எழுதறார். ஒரு மணி நேரத்துல முதல் பதில் போகணும்ங்கிறது எஸ்.எல்.ஏ., அதாவது கிளையன்டுக்குக் கொடுத்த நேரக் கெடு. ஏஜென்ட் 55-வது நிமிஷம் அவசரமா, "தயவுசெய்து ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்க"ன்னு பதில் போட்டு, ஸ்டேட்டஸை "கஸ்டமர் பதிலுக்குக் காத்திருப்பு"ன்னு மாத்திடறார். பல இடங்கள்ல அதோட அந்தக் கெடுவை எண்ணற கடிகாரம் நின்னுடும். போர்டு பச்சையிலதான் இருக்கு. ஆனா படத்தை ஏற்கெனவே அனுப்பின மனுஷனுக்குக் கோபம் வந்தாச்சு. அந்தக் கோபம் ரெண்டு நாள் கழிச்சு சிசாட்ல (வாடிக்கையாளர் திருப்தி மதிப்பெண்) ஒரே ஒரு ஸ்டாரா வந்து நிக்கும். மெயிலை முழுசா படிக்கிறதுதான் இந்த வேலையோட முதல் திறமை, இங்கிலீஷ் உச்சரிப்பெல்லாம் அதுக்கு அப்புறம்.

சப்போர்ட் தவிர இன்னும் ரெண்டு வழி இருக்கு. புது கிளையன்டுக்கு எல்லாத்தையும் அமைச்சுக் கொடுக்கிறது இம்ப்ளிமெண்டேஷன். இருக்கிற கிளையன்ட் கான்ட்ராக்டைப் புதுப்பிக்காமப் போயிடாமப் பார்த்துக்கிறது அக்கவுன்ட் மேனேஜர், கஸ்டமர் சக்சஸ் ஆட்கள். அவங்கள்ல ஒருத்தரையாவது பத்து நிமிஷம் சந்திக்க வைக்கச் சொல்லிக் கேளுங்க.

கார்டு நம்பர் கையாளற ப்ளோர்னா போன், சில இடத்துல பேனா பேப்பர்கூட வெளியில லாக்கர்லதான். கோவிச்சுக்காதீங்க, தகவல் வெளியே போகாம இருக்கத்தான் அந்த விதி. பஸ் ஏறினதும், போனைத் திறக்கறதுக்கு முன்னாடி, நினைவுல இருக்கிறதைப் பத்து நிமிஷம் எழுதுங்க.

டீம் லீடர்கிட்ட "எப்படி முன்னேறலாம்"னு பொதுவா கேட்டா பொதுவான பதில்தான் வரும். கடைசியா எஸ்கலேட் ஆனது, அதாவது மேலதிகாரி வரைக்கும் போன புகார், எது, ஏன்? ட்ரெய்னிங் முடிஞ்சு தனியா கால் எடுக்க எத்தனை வாரம்? ஷிப்ட் எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை மாறும்? ராத்திரி கேப் வீட்டு வாசல் வரைக்கும் வருமா? இதையெல்லாம் கேளுங்க.

(காட்சி: மாலை. மாணவி மொபைலில் மெயில் எழுதுகிறார்.)

அன்னிக்கு ராத்திரியே எச்.ஆருக்கு நாலு வரி மெயில் போடுங்க. அதுல ஒரு வரி, பக்கத்துல உட்கார வெச்சுக் காட்டினவங்ககிட்ட நீங்க என்ன கவனிச்சீங்கங்கிறதா இருக்கட்டும்.