கடையை விட்டுப் போகும் கணினியில் தங்கிவிடும் ஆவணங்கள்

நேயர்களுக்கு வணக்கம். செங்கோட்டை, புளியரை வட்டாரத்து ஜெராக்ஸ் கடைகளுக்கு கேரள எல்லை தாண்டும் லாரி ஓட்டுநர் ஆர்.சி. புத்தகத்தோடு வருகிறார், திருவனந்தபுரம் மருத்துவமனைக்குப் புறப்பட்ட குடும்பம் ஸ்கேன் அறிக்கையோடு வருகிறது. "வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள் அண்ணாச்சி, பிரிண்ட் போட்டுத் தருகிறேன்" என்கிறார் கடைக்காரர். அப்படி வந்த ஆதாரும் வங்கிப் புத்தகமும் அவர் கணினியின் டவுன்லோட்ஸ் கோப்புறையில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருக்க, கணினி மந்தமானதும் எல்லாவற்றையும் டெலீட் செய்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்து, வந்த விலைக்கு விற்றுவிடுகிறார்.

டெலீட் செய்யும்போது கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டும் பதிவுதான் நீங்குகிறது. சிட்டாவில் பெயரை அடித்துவிட்டால் வயலில் நிற்கும் நெல் மறைந்துவிடுமா? 2003இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் இருவர், தாங்கள் வாங்கிய 158 பழைய ஹார்ட் டிஸ்க்குகளில் படிக்க முடிந்த 129இல் 12 மட்டுமே முறையாக அழிக்கப்பட்டிருந்ததாக எழுதினார்கள்.

காந்தத் தட்டுகளால் ஆன ஹார்ட் டிஸ்க்கை முழுவதுமாக ஒருமுறை பூஜ்யங்களால் மேலெழுதினால் போதும். கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் பீட்டர் குட்மன் 1996இல் எழுதிய கட்டுரையை வைத்து 35 முறை எழுத வேண்டும் என்று இன்றும் சொல்வோர் உண்டு. அத்தனையும் ஒரே டிஸ்க்குக்குத் தேவையில்லை என்று அவரே பின்னர் விளக்கிவிட்டார். டிஸ்க்கைக் கழற்றி வேறொரு விண்டோஸ் கணினியில் இணைத்து, 'குவிக் ஃபார்மட்' என்பதில் உள்ள குறியை எடுத்துவிட்டு அதன் எல்லாப் பகுதிகளையும் ஃபார்மட் செய்தால், பல மணி நேரம் பிடித்தாலும், வேலை முடிந்துவிடும்.

தட்டுகள் இல்லாமல் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.க்கு இந்த முறை பொருந்தாது. சில்லுகள் சமமாகத் தேய வேண்டும் என்பதற்காக அதன் கட்டுப்பாட்டுச் சில்லு புதிய தரவை வேறிடத்தில் எழுதுவதாலும், நம் கண்ணுக்குப் படாத உபரி இடமும் அதில் இருப்பதாலும், மேலெழுதிய பிறகும் பழையது எங்கேனும் தங்கலாம் என்று 2011இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ ஆய்வாளர்கள் காட்டினர். தயாரிப்பாளர் தரும் மென்பொருளில் உள்ள 'செக்யூர் எரேஸ்' கட்டளையே இதற்கு உரியது. வாங்கிய நாளிலேயே விண்டோஸின் பிட்லாக்கர் போன்ற குறியாக்கத்தை (திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாதபடி தரவை மாற்றும் வசதியை) இயக்கியிருந்தால் இன்னும் எளிது: திறவுகோலை அழித்துவிட்டால் மிஞ்சுவதை எவராலும் படிக்க முடியாது.

பென் டிரைவ் பழுதானால் மேல்கூட்டை மட்டும் நசுக்கிப் பயனில்லை. உள்ளே கறுப்பாக இருக்கும் நினைவகச் சில்லையே நொறுக்க வேண்டும். அதன்மேல் ஸ்பீக்கர் காந்தத்தைத் தேய்ப்பது வீண் வேலை.

எவரும் நினைத்துப் பார்க்காத பொருள் ஜெராக்ஸ் இயந்திரமே. பெரிய டிஜிட்டல் இயந்திரங்கள் பலவற்றில் ஹார்ட் டிஸ்க் உண்டு. நகலெடுத்த பக்கங்களின் உருவம் அதில் தங்கியிருக்கக்கூடும். வாடகை இயந்திரத்தைத் திருப்பித் தரும்போது, அதன் அமைப்புகளில் உள்ள அழிப்பு வசதியை இயக்கிக் காட்டுமாறு சர்வீஸ்காரரிடம் கேளுங்கள்.

பழுதாகி இயங்காத டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு கணினியை விற்கலாம். சில திருகுகளை எடுத்தால் போதும். அந்த டிஸ்க்கைக் காயலான் கடையில் போடுவதோ எரிப்பதோ கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம், தட்டுகளை உடைத்த பிறகு ஒப்படையுங்கள். மடிக்கணினி டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி என்பதால், உடைக்கும்போது கண்ணுக்குக் காப்பு அணிந்துகொள்ளுங்கள். வணக்கம்.