கொலைக்கு முன்னால் ஒரு விளம்பரக் கம்பெனி

நண்பர்களே, வணக்கம். விளம்பரத் துறையிலிருந்து நாவல் எழுத வந்தவர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எல்லாரையும் தொட்டுவிட்டுப் போவதில் எனக்கு விருப்பமில்லை, அதனால் டோரதி எல். சேயர்ஸ் ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்டேன். துப்பறியும் கதைகளால் பெயர் பெற்றவர். ஆனால் 1933இல் வந்த அவருடைய 'மர்டர் மஸ்ட் அட்வர்டைஸ்' எனக்கு முதலில் ஒரு நகைச்சுவை நாவல், கொலையெல்லாம் அப்புறம்தான்.

சேயர்ஸ் ஆக்ஸ்ஃபோர்டில் 1915லேயே முதல் வகுப்பில் தேறியவர். பெண்களுக்கு அங்கே 1920 வரை பட்டமே கொடுக்கவில்லை. கொடுத்தபோது முதலில் வாங்கியவர்களில் இவரும் ஒருவர். இத்தனை படித்தவர் 1922இல் லண்டனில் எஸ். எச். பென்சன் என்ற விளம்பரக் கம்பெனியில் காப்பிரைட்டராக, அதாவது விளம்பர வாசகம் எழுதுபவராகச் சேர்ந்தார். பல வருஷம் இருந்தார், வேலையை ரசித்துச் செய்தார். கோல்மன்ஸ் கடுகுக்காக 1926இல் 'மஸ்டர்ட் கிளப்' என்று இல்லாத ஒரு சங்கத்தையே பென்சன்காரர்கள் கிளப்பிவிட்டார்களே, தலைவர், செயலாளர், விதிமுறைகள் எல்லாம் வைத்து, அதில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்த ஆபீஸ்தான் நாவலில் 'பிம்ஸ் பப்ளிசிட்டி' ஆகிறது. பென்சனில் இருந்த இரும்புச் சுழல் படிக்கட்டுகூட அப்படியே வருகிறது. அதில் ஒரு காப்பிரைட்டர் விழுந்து சாகிறார். துப்பறிய வரும் பீட்டர் விம்சி பிரபு பெயரை மாற்றிக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்து, மார்ஜரினுக்கும் நரம்பு டானிக்குக்கும் வாசகம் எழுத ஆரம்பிக்கிறார். ஒரு தலைப்பு வரியில் இரட்டை அர்த்தம் தொனிக்கிறது என்று பத்திரிகையிலிருந்து கடைசி நேரத்தில் போன் வருகிறது பாருங்கள், அப்போது அந்த ஆபீஸ் படும் பாட்டை வெளியே இருந்து வேடிக்கை பார்த்தவர் எழுதியிருக்கவே முடியாது. யார்மேல் பழி போடுவது, மாற்று வரியை யார் எழுதுவது, எழுத்து எண்ணிக்கை பொருந்துமா என்று ஆளாளுக்குப் பதறுகிறார்கள். சேயர்ஸ் யாரையும் கேலி செய்யவில்லை. அவர்கள் எவ்வளவு சிரத்தையாகப் பதறுகிறார்கள் என்பதைத் துல்லியமாக எழுதிவிடுகிறார், சிரிப்பு தானாக வருகிறது.

விம்சிக்கு வேலை பிடித்துப்போகிறது, அதுதான் அழகு. 'விஃப்லெட்ஸ்' சிகரெட்டுக்கு அவர் ஒரு திட்டம் போடுகிறார்: பாக்கெட்டில் கூப்பன், சேர்த்து வைத்தால் ரயில் டிக்கெட், ஓட்டல் அறை, கல்யாணம்கூட அதிலேயே நடத்திக்கொள்ளலாம், சவப்பெட்டி மட்டும் கிடைக்காது. இதே மனிதருக்குத்தான் இன்னொன்றும் புரிகிறது, இந்த விளம்பரங்கள் பணக்காரர்களுக்காக எழுதப்படுவதில்லை, எட்டாத வசதிக்கு ஏங்குகிறவர்களின் சொற்பச் சில்லறையைக் குறிவைத்துத்தான் எழுதப்படுகின்றன என்பது. சிரித்துக்கொண்டே வந்த எனக்கு அந்த இடத்தில் சுருக்கென்றது. இங்கே விளம்பரத்தில் வேலை செய்யும் தம்பி தங்கைகள் அந்தப் பக்கத்தை நிதானமாகப் படிக்க வேண்டும் என்று நான் மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, குறையும் உண்டு. கொக்கேன் கும்பல் வரும் பகுதிகள் காகிதத்தில் வெட்டி ஒட்டியதுபோல இருக்கும். அங்கே நாடகத்தன்மை அதிகமாகிவிட்டது என்று சேயர்ஸே பிற்பாடு எழுதினார். கெடுவுக்குள் பிரசுரகர்த்தருக்கு ஒரு புத்தகம் கொடுத்தாக வேண்டிய அவசரத்தில் எழுதியது இது. அவசரத்திலும் ஆபீஸ் காட்சிகளில் ஒரு வரி பிசகவில்லை என்றால், அந்த இடத்தை அவர் எவ்வளவு நேசித்திருக்க வேண்டும்!

படிக்கப் போகிறவர்கள் கிரிக்கெட் மேட்ச் அத்தியாயத்தை மட்டும் அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். மாறுவேஷத்தில் அடக்கி வாசித்துக்கொண்டிருக்கும் விம்சிக்கு முழங்கையில் பந்து பட்டுக் கோபம் வருகிறது, வேஷமே மறந்துபோய் விளாச ஆரம்பிக்கிறார், எதிரணிப் பெரியவர் ஒருவர் அந்த ஆட்டத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறார்.