நாய்த் தட்டில் பச்சைக் கறி

நேயர்களுக்கு வணக்கம்.

"அண்ணே, அப்படியே நாய்க்குக் கொஞ்சம் வேஸ்ட் போட்டுக் கொடுங்க." சென்னையில் எந்தக் கோழிக்கடை வாசலில் நின்றாலும் இது காதில் விழும். கழுத்து, கால், தோல், குடல் எல்லாம் ஒரு பையில் கட்டி வந்துவிடும். முன்பெல்லாம் வீட்டில் அதை மஞ்சள் தூள் போட்டு, அரிசியோடு குழைய வேகவைத்துத்தான் வைப்பார்கள். இப்போது கைப்பேசியில் யாரோ சொல்கிறார்கள்: வேகவைத்தால் சத்து போய்விடும், நாய் ஓநாய் வம்சம், பச்சையாகத் தின்றால்தான் ரோமம் பளபளக்கும் என்று. பை அப்படியே தட்டில் கவிழ்கிறது.

"எங்க நாய் ஆறு மாசமா தின்னுது, ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். சிக்கலே அந்த 'ஒண்ணும் ஆகல'வில்தான் இருக்கிறது. பச்சைக் கோழியில் சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் என்ற பாக்டீரியாக்கள் இருப்பது சாதாரணம். பல நாய்களின் குடலில் இவை நோய் எதையும் காட்டாமல் தங்கி, நாள்கணக்கில் மலத்தோடு வெளியேறும். நாய் தன் பின்பக்கத்தை நக்கும். அதே நாக்கால் குழந்தையின் கன்னத்தை நக்கும். பிறகு சோபாவில் ஏறிப் படுக்கும். இரண்டு அறை ஃபிளாட்டில் இதற்கெல்லாம் எவ்வளவு தூரம்? நாய் துள்ளிக்கொண்டிருக்கும், வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் பாட்டிக்கு வரும். நாய் மேல் யாருக்கும் சந்தேகமே வராது, நேற்று சாப்பிட்ட பரோட்டாவைத்தான் திட்டுவார்கள்.

கடையில் பாக்கெட்டில் விற்கும் பச்சை நாய் உணவு சுத்தமானது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2010 முதல் 2012 வரை நடத்திய ஆய்வில், 196 பச்சை உணவு மாதிரிகளில் 15-ல் சால்மொனெல்லாவும் 32-ல் லிஸ்டீரியாவும் இருந்தன. லிஸ்டீரியா கர்ப்பிணிக்குக் கருச்சிதைவை உண்டாக்கக்கூடியது, குளிர்பெட்டிக்குள்ளேயே பெருகக்கூடியதும்கூட.

நம் ஊர் வெயிலையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பாக்டீரியாவுக்குத் தோதான சூட்டில் சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை அது இரட்டிப்பாகும். காலை பத்து மணிக்கு வைத்த கறியை நாய் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய், மதியம் ஒரு மணிக்கு வந்து தின்றால், இடையில் ஒன்பது இரட்டிப்பு: ஒன்று 512 ஆகியிருக்கும்.

ஃபிரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. மைனஸ் 18 டிகிரியில் கறியிலுள்ள சில புழுக்களும் அவற்றின் இளம்பருவக் கட்டிகளும் சாகலாம். பாக்டீரியாவில் பெரும்பங்கு தூங்கிக்கொண்டுதான் இருக்கும்; ஐஸ் விட்டதும் விழித்துக்கொள்ளும். மஞ்சள், வினிகர், கல்லுப்பு போட்டு அலசுவதாலும் பலனில்லை. குழாயடியில் அலசும்போது தெறிக்கிற தண்ணீர் பக்கத்தில் கவிழ்த்து வைத்த டம்ளர்வரை போகும், அவ்வளவுதான்.

கோழிக்கழுத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வு, பச்சைக் கோழி தின்னும் நாய்களுக்கு நரம்பு வேர்கள் வீங்கி உண்டாகும் ஒருவகைப் பக்கவாதத்துக்கான வாய்ப்பு அதிகம் என்று காட்டியது. அவர்கள் சந்தேகப்பட்டது கேம்பிலோபாக்டரை. முதலில் பின்னங்கால் தளரும், குரைக்கும் குரல் மாறும், பிறகு முன்னங்காலும் விழும். குணமாக வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகலாம். மூச்சுத் தசை செயலிழந்து இறந்துபோகும் நாய்களும் உண்டு.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஆட்டு ஈரலும் நுரையீரலும்தான். எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவின் இளம்பருவம் ஆடு, மாடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர் நிறைந்த கட்டியாக வளர்கிறது. அறுக்கும்போது அது தெரிந்தால், அந்தத் துண்டை வெட்டி நாய்க்கு எறிவது பழக்கம். புழுவுக்கு வேண்டியதும் அதுதான். நாயின் சிறுகுடலில் அது ஒரு சென்டிமீட்டர்கூட நீளாத சின்னப் புழுவாக ஆயிரக்கணக்கில் இருக்கும், நாய்க்கு எந்தத் தொந்தரவும் தராது. முட்டைகள் மலத்தில் வரும், ரோமத்தில் ஒட்டும். அது நம் வாய்க்குள் போனால், ஆட்டுக்கு வந்த அதே கட்டி நம் ஈரலில் வளரும், மெதுவாக, வருடக்கணக்கில். உள்ளே கட்டி உடைந்தால் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம். பெரம்பூர், சைதாப்பேட்டை மாநகராட்சி இறைச்சிக் கூடங்களில் இப்படிப்பட்ட உறுப்புகளைக் கழிக்கப் பரிசோதனை உண்டு. தெருமுனையில் அறுக்கும் ஆட்டுக்கு அது கிடையாது.

ஓநாய் வாதத்துக்கு ஒரு நிமிடம் போதும். 2013-ல் சுவீடன் விஞ்ஞானிகள் காட்டியது: மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதிதான், நாய்க்கு நாலிலிருந்து முப்பதுவரை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நம் சோற்றைத் தின்று வந்த பிராணி அது.

சத்துக் கணக்கும் தப்புகிறது. எலும்பில்லாத கறியில் கால்சியம் ஒரு பங்கு என்றால் பாஸ்பரஸ் பதினைந்து பங்குக்கு மேல். வெறும் கறியில் வளரும் குட்டியின் உடம்பு, பற்றாக்குறைக்கு எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவும். கால் வளையும், லேசாகக் குதித்தாலே முறியும். அதற்காக எலும்பைப் போட்டுவிடாதீர்கள். வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். பச்சை மாட்டெலும்பு கடைவாய்ப் பல்லைப் பிளக்கும்.

சரி, எப்படிக் கொடுப்பது? எலும்பு நீக்கிய கறியை இரண்டு சென்டிமீட்டர் துண்டாக்கி, நீர் கொதித்த பிறகு 15 நிமிடம், அல்லது குக்கரில் மூன்று விசில். பெரிய துண்டை வெட்டிப் பார்த்தால் நடுவில் சிவப்பு இருக்கக்கூடாது. உள்சூடு 74 டிகிரி வந்திருக்க வேண்டும். வெந்த தண்ணீரைக் கொட்டாமல் சோற்றில் சேர்த்துவிடுங்கள், கரைந்த சத்தில் பெரும்பங்கு தட்டுக்கே திரும்பிவிடும். உப்பு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் கூடவே கூடாது, அவை நாயின் சிவப்பணுவை உடைக்கும். பத்து கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 200 கிராம் கறி, ஏறக்குறைய அதே எடை சோறு, கொஞ்சம் பூசணியோ கேரட்டோ. கூட, கொதிக்கவைத்துக் காயவைத்து மாவாக அரைத்த முட்டை ஓடு அரைத் தேக்கரண்டி. அதில் ஒரு கிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கும். ஈரல் வாரம் ஒருமுறை சிறு துண்டு போதும், மிஞ்சினால் வைட்டமின் ஏ நஞ்சாகும். இதிலும் துத்தநாகம், அயோடின் போன்றவை குறையும் என்பதால், மாதக்கணக்கில் வீட்டுச் சாப்பாடே என்றால் மருத்துவரிடம் கேட்டு ஒரு தாது உப்புக் கலவை சேர்க்க வேண்டும். குட்டிக்குக் கணக்கே வேறு.

தட்டு எவர்சில்வராக இருக்கட்டும்; பிளாஸ்டிக்கின் கீறலில் கிருமி ஒளியும். தின்று முடித்ததும் எடுத்து, சோப்புப் போட்டுத் தேய்த்து, கொதிநீர் ஊற்றி வெயிலில் கவிழ்த்துவிடுங்கள்.

இதுவரை பச்சை ஈரலோ குடலோ கொடுத்து வந்திருந்தால், மருத்துவரிடம் அதைச் சொல்லி பிராசிகுவான்டல் மாத்திரை கேளுங்கள்; நாயை எடை போட்டு, கிலோவுக்கு 5 மில்லிகிராம் கணக்கு. அந்த மாத்திரை புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. ஆகவே அடுத்த இரண்டு மூன்று நாள் மலத்தை வெறுங்கையால் தொடாமல், கையுறை போட்டு எடுத்து, கொதிநீர் ஊற்றிய பிறகு கழிப்பறையில் கொட்டுங்கள். வாக்கிங் கூட்டிப்போன இடத்தில் விட்டுவிட்டு வராதீர்கள்.

வணக்கம்.