பாதியில் நிற்கிற வேலை

துக்க வீடுகளில் நாம் அதிகம் வாசிக்கிற வேதபகுதி 90ஆம் சங்கீதம். ‘எங்கள் ஆயுசுநாட்கள் எழுபது வருஷம்’ என்று போதகர் தொடங்கியதும் பந்தலில் உட்கார்ந்திருப்பவர்கள்கூடத் தலையைக் குனிந்துகொள்வார்கள். ‘எங்கள் நாட்களை எண்ணும் அறிவை எங்களுக்குப் போதித்தருளும்’ என்கிற 12ஆம் வசனம் வரை வருவோம். அதோடு புத்தகத்தை மூடிவிட்டுப் பிரசங்கத்துக்குப் போய்விடுவோம். அந்தச் சங்கீதத்துக்கு இன்னும் ஐந்து வசனம் பாக்கி இருக்கிறது. அதன் கடைசி வசனத்தைத்தான் இன்று உங்களோடு தியானிக்க விரும்புகிறேன்.

‘எங்கள் கைகளின் கிரியையை எங்களிடத்தில் உறுதிப்படுத்தும், ஆம், எங்கள் கைகளின் கிரியையை எங்களிடத்தில் உறுதிப்படுத்தியருளும்.’

ஒரே விண்ணப்பத்தை இரண்டு தடவை வைக்கிறார். வைப்பவர் யார்? தலைப்பைப் பாருங்கள்: தேவனுடைய மனுஷனாகிய மோசேயின் ஜெபம். வாக்குத்தத்த தேசத்தை நோக்கி நாற்பது வருஷம் ஒரு ஜனத்தை வனாந்தரத்தில் நடத்தி வந்தவர். உபாகமம் 34ஆம் அதிகாரத்தில் நேபோ மலையில் ஏறி நிற்கிறார். எரிகோ தெரிகிறது, யூதா தேசம் தெரிகிறது. கண்ணால் பார்க்கலாம், ஆனால் யோர்தானைத் தாண்டிப் போக முடியாது. அப்போது அவருக்கு வயது 120. கண் மங்கவில்லை, பெலன் குறையவில்லை என்று வேதம் சொல்கிறது. அப்படியும் எடுத்த வேலை முடியவில்லை.

ஆயுசு குறுகியது என்று நாம் வருந்தும்போது, உண்மையில் வருஷக் கணக்கைப் பார்த்தா வருந்துகிறோம்? எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொண்ணூறு வயதில் போனவர் வீட்டிலும் ‘இன்னும் ஒரு வருஷம் இருந்திருந்தா பேத்தி கல்யாணத்தைப் பார்த்திருப்பாரே’ என்றுதான் அழுகிறார்கள். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் ஒரு வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் மாத்திரை அட்டை கிடக்கும், அதில் பாதி மாத்திரை மீதி இருக்கும். சீட்டுக் கணக்கு எழுதிய நோட்டில் இந்த மாதத்துப் பக்கம் காலியாக இருக்கும். வேதப்புத்தகத்தில் அடையாளச் சீட்டு ஏதோ ஓர் அதிகாரத்தின் நடுவில் நிற்கும். வீட்டுக்காரர்களை உடைத்துப்போடுவது இவைதான்.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் தரங்கம்பாடி நினைவுக்கு வரும். ஜெர்மானிய மிஷனரி பர்த்தொலொமேயு சீகன்பால்கு 1706 ஜூலையில் அங்கே வந்து இறங்கியபோது அவருக்கு வயது ஏறக்குறைய 24தான். இளமையிலிருந்தே உடம்பு சரியில்லாத மனிதர். தமிழ் கற்றார். வந்த மூன்றாம் வருஷத்துக்குள் கோட்டைச் சிறையில் நான்கு மாதம் அடைபட்டுக் கிடந்தார். புதிய ஏற்பாட்டை 1711இல் மொழிபெயர்த்து முடித்தார், 1715இல் அது முழுமையாக அச்சாகி வந்தது. 1718இல் புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை ஆனது. அதே ஆலயத்தில் அடுத்த வருஷம் பிப்ரவரியில் அவரை அடக்கம் செய்தார்கள். வயது 36.

பழைய ஏற்பாட்டில் ஆதியாகமம் தொடங்கி ரூத் வரைக்கும்தான் அவரால் முடிந்தது. சங்கீதங்கள் பாக்கி. ஏசாயா பாக்கி. நாம் இன்று கையில் பிடித்திருக்கிற இந்த 90ஆம் சங்கீதமே அவர் செய்து முடிக்காததில் ஒன்று.

நின்றுபோன இடத்தைக் கொஞ்சம் பாருங்கள். ரூத்தின் புத்தகத்தில் முதல் ஐந்து வசனத்துக்குள் மூன்று ஆண்கள் இறந்துபோகிறார்கள். மூன்று விதவைகள் மிஞ்சுகிறார்கள். மாமியார் நகோமி, ‘என்னை மாராள் என்று சொல்லுங்கள்’ என்கிறாள், அவ்வளவு கசப்பு. அப்படிப்பட்ட கதை ஒரு குழந்தையோடு முடிகிறது. ‘ஓபேத் ஈசாயைப் பெற்றான்; ஈசாய் தாவீதைப் பெற்றான்.’ கதிர் பொறுக்கிய அந்த மருமகள் ரூத்திடம் உன் வம்சத்தில் ராஜா வருவார் என்று யாரும் சொல்லவில்லை. மத்தேயு முதலாம் அதிகாரத்தில் இயேசுவின் வம்சவரலாற்றில் தன் பெயர் வரும் என்று அவள் எப்படி அறிவாள்?

சீகன்பால்கு இறந்த அதே 1719ஆம் வருஷம், சில மாதம் கழித்து, பெஞ்சமின் சூல்சு என்கிற மிஷனரி தரங்கம்பாடிக்கு வந்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் ரூத்துக்கு அப்புறம் உள்ளதை எடுத்து முடித்தவர் சூல்சுதான்.

கிறிஸ்தவ நம்பிக்கை என்று நான் சொல்வது ஆறுதல் வார்த்தையை அல்ல. ‘கர்த்தருடைய சித்தம், அழாதீர்கள்’ என்று துக்க வீட்டில் சொல்கிறோமே, தயவுசெய்து அதை நிறுத்துவோம். லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் இயேசு அந்தக் கல்லறைக்குப் போகிற வழியில் கண்ணீர் விட்டார். பவுலும் தெசலோனிக்கேயருக்குத் துக்கமே கூடாது என்று எழுதவில்லை, நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கிக்காதிருங்கள் என்றுதான் எழுதினார்.

நம்முடைய ஆண்டவரும் இளவயதில்தான் மரித்தார். லூக்கா சொல்கிறபடி ஏறக்குறைய முப்பது வயதில் ஊழியம் தொடங்கி, சில வருஷத்துக்குள் சிலுவை. அவர் சிலுவையில் தொங்கிய அந்த வெள்ளிக்கிழமையும் கலிலேயாவில் குணமாகாத நோயாளிகள் இருந்திருப்பார்கள். அப்படியிருந்தும் ‘முடிந்தது’ என்றார். பிதா தம்மிடம் கொடுத்ததை அவர் செய்து முடித்திருந்தார். மூன்றாம் நாள் பிதா அவரை எழுப்பினார். 1 கொரிந்தியர் 15ஆம் அதிகாரம் முழுவதும் பவுல் இந்த உயிர்த்தெழுதலைத்தான் வாதாடுகிறார். ‘மரணமே! உன் கூர் எங்கே?’ என்று முழங்கிவிட்டு, கையோடு எங்கே வந்து நிற்கிறார் தெரியுமா? கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் விருதாவாயிராது என்கிற இடத்தில். மோசேயின் கடைசி வசனத்துக்கு அங்கேதான் பதில் கிடைக்கிறது.

ஆகவே மூத்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஓய்வுநாள் பள்ளி, பாடகர் குழு, பெண்கள் ஐக்கியம் என்று எத்தனையோ வருஷமாகத் தாங்கி வந்திருக்கிறீர்கள். ‘எனக்கப்புறம் இதை யார் பார்ப்பார்கள்’ என்ற கவலை உங்களுக்கு உண்டு, எனக்கும் உண்டு. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஓர் இளைஞனையோ இளம்பெண்ணையோ பக்கத்தில் உட்காரவையுங்கள். பதிவேடு எங்கே இருக்கிறது, எந்தப் பிள்ளைக்கு அப்பா இல்லை, யாரைச் சத்தமாகக் கூப்பிட்டால் பயந்துவிடும் என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொடுங்கள். அவர்கள் உங்களைப் போலச் செய்யமாட்டார்கள், வேறு மாதிரிதான் செய்வார்கள். செய்யட்டும்.